தங்கைக்கு யாரும் சொல்லாததை நாட்டுக்கே சொன்னவர்

நார்வேயின் தென்மேற்குக் கடற்கரையில் ஸ்டாவாங்கர் என்ற துறைமுக நகரம் உள்ளது. அதற்கு அருகிலிருக்கும் ஹோய்லாண்ட் என்ற ஊரில், 1886ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி, ஒரு பாதிரியாரின் வீட்டில் எலிஸ் பிறந்தார். அந்த வீட்டில் பிறந்த 18 பிள்ளைகளில் அவர் 17ஆவது. எண்ணிக்கையை ஒருமுறை மீண்டும் படித்துப் பாருங்கள். ஒரு தாய், 18 பிரசவங்கள்.

பின்னாளில் எலிஸ் ஒட்டேசன்-யென்சன் என்று உலகம் அறிந்த இவர், சுவீடனில் பள்ளிப் பாலியல் கல்விக்கும் பாலியல் நல மருந்தகங்களுக்கும் அடித்தளம் போட்டவர். சுவீடன் மக்கள் அவரைச் சுருக்கமாக ஒட்டார் என்றே அழைத்தார்கள். அவர் எழுதும்போது வைத்துக்கொண்ட புனைபெயர் அது. தமிழில் ஒட்டார் என்றால் ஒத்துப்போகாதவர், பகைவர் என்று பொருள். தற்செயல்தான். ஆனால் அவர் காலத்துச் சட்டத்தோடும் சமயத் தலைவர்களோடும் அவருக்கு இருந்த உறவைப் பார்த்தால் பெயர் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது.

இளம் வயதில் எலிஸுக்குப் பல் மருத்துவராக வேண்டும் என்று ஆசை. பள்ளியில் வேதியியல் வகுப்பில் நடந்த ஒரு வெடிவிபத்தில் அவருடைய விரல்களில் காயம் ஏற்பட்டது. பல் மருத்துவருக்கு விரல்கள்தான் முதல் கருவி. அந்தக் கனவு அதோடு முடிந்தது. அவர் செய்தித்தாளில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஆனால் அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது அந்த விபத்து அல்ல. அவருக்கு அடுத்துப் பிறந்த தங்கை மாக்ன்ஹில்டுக்கு நேர்ந்ததுதான்.

மாக்ன்ஹில்ட் திருமணம் ஆகாத நிலையில் கருவுற்றார். பாதிரியார் வீட்டில் இப்படி நடந்துவிட்டது என்பது வெளியே தெரியக்கூடாது என்று தந்தை முடிவு செய்தார். மகளை டென்மார்க்குக்கு அனுப்பினார். அங்கே, தெரிந்தவர் யாரும் இல்லாத இடத்தில், அவர் ரகசியமாகக் குழந்தையைப் பெற்றுவிட்டு, அதை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த மாதங்கள் முழுவதையும் மாக்ன்ஹில்ட் பயத்தில் கழித்தார். தன் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. குழந்தை எப்படி வெளியே வரும் என்பதுகூடத் தெரியாது. வீட்டிலும் பள்ளியிலும் தேவாலயத்திலும் அதைப் பற்றி யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. குழந்தை பிறந்தது, கையைவிட்டுப் போனது. அந்த அதிர்ச்சியிலிருந்து அவர் மீளவே இல்லை. பிறகு ஒரு நாள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

தந்தை செய்ததை எலிஸால் மன்னிக்க முடியவில்லை. அவருடைய சமய நம்பிக்கையிலிருந்தும் விலகினார். மாக்ன்ஹில்டின் கதையைக் கேட்கும்போது நமக்கு முதலில் தந்தையின் மேல்தான் கோபம் வருகிறது. அது நியாயமான கோபம். ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பெண் அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு மருத்துவரிடமோ மருத்துவச்சியிடமோ போய், எனக்கு என்ன ஆகிறது என்று கேட்க விரும்பியிருந்தால் எங்கே போயிருக்க முடியும்? திருமணமாகாத ஓர் இளம் பெண்ணுக்கு அப்படி ஓர் இடம் அந்த நாட்டில் இல்லை. அக்கம்பக்கத்து நாடுகளிலும் இல்லை. எலிஸின் மீதி வாழ்க்கை அந்த இடத்தை உண்டாக்குவதில் போயிற்று.

பத்திரிகை வேலை அவரைத் தொழிலாளர்களிடம் கொண்டுசேர்த்தது. பெர்கன் நகரில் உழைக்கும் பெண்களைச் சங்கத்தில் சேர்க்க அவர் முயன்றார். சம்பளம், வேலைநேரம் என்று பேசப் போனால், அந்தப் பெண்களோ வேறொன்றைப் பேசினார்கள். வருடம் ஒரு பிள்ளை, அடுத்தது வராமல் தடுக்க என்ன வழி என்று கேட்டார்கள். கூட்டத்துக்கு வருவதற்கே அவர்களுக்கு நேரமும் தெம்பும் இல்லாததற்குக் காரணமும் அதுதான்.

1913ல் அவர் ஆல்பர்ட் யென்சனைச் சந்தித்தார். சுவீடனைச் சேர்ந்தவர், போருக்கு எதிராகப் பிரசாரம் செய்த தொழிற்சங்கவாதி. நார்வே அரசு ஆல்பர்ட்டை நாடுகடத்தியபோது எலிஸும் அவரோடு டென்மார்க்குக்குப் போனார். அவர்களுக்குப் பிறந்த ஒரே குழந்தை பிறந்த சிறிது காலத்தில் இறந்துவிட்டது. பிறகு இருவரும் சுவீடனுக்குக் குடிபெயர்ந்தனர்.

அப்போது சுவீடனில் இருந்த சட்ட நிலைமை விசித்திரமானது. 1910ல் ஹிங்கே பெர்யேகிரென் என்ற சோஷலிசப் பேச்சாளர், பிள்ளை வேண்டாதவர்கள் கருத்தடை முறைகளைப் பயன்படுத்தலாம் என்று மேடையில் பேசினார். அதற்காகச் சிறைக்கும் போனார். அதோடு நிற்காமல், கருத்தடைப் பொருள்களை விளம்பரம் செய்வதையும் அவற்றைப் பற்றிப் பொதுமக்களிடம் எடுத்துச் சொல்வதையும் நாடாளுமன்றம் குற்றமாக்கியது. பொருளை விற்பது குற்றமில்லை. அது என்ன, எதற்கு என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் குற்றம். அதனால் விவரம் தெரிந்த, காசு உள்ளவர்கள் கடையில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மில் தொழிலாளிக்கும் பண்ணை வேலைக்காரிக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. 1918ல் அதே நாடு பால்வினை நோய்களுக்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. நோய் உள்ளவர் கட்டாயம் சிகிச்சை பெற வேண்டும், சிகிச்சை இலவசம், தொற்று யாரிடமிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் நோய் வந்த பிறகு இலவசமாக மருந்து கொடுத்த அரசு, நோய் வராமல் தடுக்கும் ஆணுறையைப் பற்றி மேடையில் பேசினால் தண்டனை என்றது. இரண்டு சட்டங்களும் சுமார் 20 ஆண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் நடைமுறையில் இருந்தன. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

எலிஸ் அர்பேத்தாரென் என்ற தொழிலாளர் நாளிதழில் பெண்களுக்கான பகுதியை எழுதினார். தனக்குப் போதிய இடம் கிடைக்காதபோது 1925ல் நாம் பெண்கள் என்ற பொருள்படும் ஓர் இதழைத் தாமே தொடங்கினார். அது நீண்ட நாள் நிலைக்கவில்லை. அவருடைய உண்மையான வேலை எழுத்தில் இல்லை, ரயிலில் இருந்தது. 1920களிலிருந்து அவர் சுவீடன் முழுவதும் சுற்றுப்பயணம் செய்தார். தெற்கே ஸ்கோனே வயல்வெளிகள் முதல் வடக்கே நோர்லாண்ட் காட்டுப்பகுதிகள் வரை, ஊர் ஊராக இறங்கி, தொழிற்சங்க மண்டபங்களில் பேசினார். தொழிலாளர் வீடுகளில் தங்கினார். சட்டத்தை மீறுகிறோம் என்று தெரிந்தே பேசினார்.

இங்கேதான் அவருக்கு ஒரு விஷயம் புரிந்தது. அவரைப் பற்றிப் படித்தவற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்ததும் இதுதான்.

பேச்சு மட்டும் போதவில்லை. மண்டபத்தில் உட்கார்ந்து, இப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பெண், வீட்டுக்குப் போய் என்ன செய்வாள்? அப்போது பெண்கள் தாங்களே பயன்படுத்தக்கூடிய நம்பகமான கருத்தடைச் சாதனம் டயஃப்ரம் எனப்படும் ரப்பர் மூடி. அது கருப்பையின் வாயை மறைக்கும். செருப்பைப் போல எல்லாருக்கும் ஒரே அளவு பொருந்தாது. தெரிந்தவர் ஒருவர் உடலைப் பார்த்து, சரியான அளவைத் தேர்ந்து, எப்படிப் போட்டுக்கொள்வது என்று பக்கத்திலிருந்து கற்றுத்தர வேண்டும். ஊர் மருத்துவர்கள் பலர் அதைச் செய்ய மறுத்தார்கள், அல்லது அவர்களுக்கே அது தெரியவில்லை. தகவல் கிடைத்தும் சிகிச்சை கிடைக்காத பெண்ணின் நிலை, ஒன்றும் தெரியாத பெண்ணின் நிலையைவிட அதிகம் மேம்பட்டதல்ல.

எனவே எலிஸ் ஒரு மருத்துவரிடம் டயஃப்ரம் பொருத்தும் முறையைக் கற்றுக்கொண்டார். அவர் மருத்துவர் அல்ல, தாதியும் அல்ல. கூட்டம் முடிந்ததும் பெண்களைத் தனித்தனியாகச் சந்தித்து, அளவு பார்த்துப் பொருத்திவிட்டார். பல் மருத்துவத்துக்கு உதவாமல் போன அதே விரல்கள். இது சரியா என்று இன்றைய மருத்துவ மாணவர் ஒருவர் கேட்டால், கேள்வி நியாயமானதே. தகுதி பெற்றவர்கள் செய்ய முன்வராத இடத்தில் தகுதி இல்லாதவர் செய்தார் என்பதுதான் என்னால் சொல்லக்கூடிய பதில். அவரும் இதையே நிரந்தரத் தீர்வாக எண்ணவில்லை.

திருமணமான பெண்கள் கூட்டம் முடிந்து வரிசையில் நின்றார்கள். திருமணமாகாத இளையர்களால் அப்படி நிற்க முடியவில்லை. ஊரே பார்க்கும். அவர்கள் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களின் துயரத்தை வைத்து 1932ல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். இடுக்கணில் இருக்கும் மனிதர்கள் என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ஒவ்வொரு கடிதத்துக்குப் பின்னாலும் அவர் தன் தங்கையைப் பார்த்திருப்பார் என்று நினைக்கத் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு, 1933ல், தொழிற்சங்கங்களையும் சில இளம் மருத்துவர்களையும் சேர்த்துக்கொண்டு அவர் பாலியல் கல்விக்கான சுவீடன் தேசியச் சங்கத்தைத் தொடங்கினார். சுவீடிய மொழியில் அதன் சுருக்கப்பெயர் ஆர்எஃப்எஸ்யு. இன்றும் இயங்குகிறது. பெயரில் கல்வி என்று இருந்தாலும் அது வகுப்பு மட்டும் எடுக்கவில்லை. ஸ்டாக்ஹோமில் ஆலோசனை மையம் திறந்தது. மருத்துவர்களை அமர்த்தியது. கருத்தடைப் பொருள்களைத் தானே விற்று, அந்த வருமானத்தை வேலைக்குப் பயன்படுத்தியது. மேடையும் மருந்தகமும் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்பது பயணங்களில் அவர் கற்ற பாடம்.

பிறகு சட்டங்கள் ஒவ்வொன்றாக மாறின. 1938ல் கருத்தடை பற்றிப் பேசுவதற்கான தடை நீங்கியது. அதே ஆண்டு, சில குறிப்பிட்ட காரணங்களுக்காகக் கருக்கலைப்பை அனுமதிக்கும் முதல் சட்டம் வந்தது. 1939ல், நிச்சயதார்த்தம், திருமணம், கர்ப்பம் ஆகியவற்றைக் காரணம் காட்டிப் பெண்களை வேலைநீக்கம் செய்யக்கூடாது என்றானது. 1944ல் ஒருபாலுறவு குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 1946ல், மருந்துக் கடைகள் கருத்தடைப் பொருள்களைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. இவை எல்லாவற்றையும் எலிஸ் ஒருவரே செய்தார் என்று சொன்னால் அது மிகை. அரசியல் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் மருத்துவர்களும் சேர்ந்து செய்தவை. ஆனால் இந்தக் கோரிக்கைகளைப் பற்றி வாய்திறக்கவே மற்றவர்கள் தயங்கிய காலத்தில் அவர் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார்.

அவருடைய காலத்தின் கறையையும் சொல்லாமல் விடக்கூடாது. 1934ல் சுவீடன் ஒரு கருத்தடை அறுவைச் சிகிச்சைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1975 வரையிலான 40 ஆண்டுகளில் சுமார் 63,000 பேருக்கு அந்தச் சிகிச்சை செய்யப்பட்டது. பெரும்பாலோர் பெண்கள். பலர் நிர்ப்பந்தத்தில் ஒப்புக்கொண்டவர்கள். இன்னார் பிள்ளை பெறலாம், இன்னார் பெறக்கூடாது என்று அரசு முடிவு செய்யலாம் என்ற எண்ணம் அன்று முற்போக்காளர்களிடமும் பரவியிருந்தது. எலிஸின் சங்கத்தின் தொடக்ககாலத் திட்டமும் அதன் பாதிப்பிலிருந்து தப்பவில்லை. மருந்தகம் இருப்பது ஒன்று. உள்ளே போகிறவரின் விருப்பத்தை அங்குள்ளவர்கள் கேட்கிறார்களா என்பது வேறொன்று. அவர் வரலாற்றைப் பாராட்டி எழுதுகிறவர்கள் சிலர் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

போருக்குப் பிறகு அவர் பார்வை சுவீடனைத் தாண்டிச் சென்றது. 1946ல் ஸ்டாக்ஹோமில் அவர் கூட்டிய அனைத்துலக மாநாடு, 1952 நவம்பரில் பம்பாயில் நடந்த மாநாட்டுக்கு வழிவகுத்தது. அங்கேதான் அனைத்துலகக் குடும்பத் திட்டமிடல் சம்மேளனம் பிறந்தது. அமெரிக்காவின் மார்கரெட் சேங்கரும் இந்தியாவின் தன்வந்தி ராம ராவும் முதல் தலைவர்கள். தன்வந்தி ராம ராவ் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், ராணி மேரி கல்லூரியில் பாடம் நடத்தியவர். சம்மேளனத்தைத் தொடங்கிய எட்டு உறுப்பு அமைப்புகளுள் நம் சிங்கப்பூரும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது. போருக்குப் பிந்தைய வறுமையில் தவித்த தாய்மார்களுக்காகக் கான்ஸ்டன்ஸ் கோவும் நண்பர்களும் 1949ல் தொடங்கிய குடும்பத் திட்டமிடல் சங்கம் அது. 1959 முதல் 1963 வரை அந்த அனைத்துலகச் சம்மேளனத்தின் தலைவர் பொறுப்பில் இருந்தவர் எலிஸ்தான்.

அந்தக் காலத்தில் பெரும்பாலான நாடுகளில் இத்தகைய மருந்தகங்கள் திருமணமானவர்களுக்கானவை. பிரிட்டனிலேயே, திருமணமாகாத இளையர்களுக்கென ஹெலன் புரூக் லண்டனில் தனி மையம் திறந்தது 1964ல்தான். மாக்ன்ஹில்ட் போன்ற பெண் உள்ளே வர முடியாத கதவுகளே உலகெங்கும் அதிகம்.

சுவீடனில் எலிஸ் பள்ளிகளை விடவில்லை. 1942ல் அரசு பள்ளிகளில் பாலியல் கல்வியைப் பரிந்துரைத்தது. 1955ல் அது கட்டாயமானது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு சுவீடன். இங்கே சிங்கப்பூரில் நமக்கும் பள்ளியில் பாலியல் கல்வி உண்டு. பெற்றோர் விரும்பாவிட்டால் பிள்ளையை அந்த வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். என் வகுப்பில் அந்தப் பாடத்தின்போது சிரித்துக்கொண்டே இருந்தவர்களில் நானும் ஒருத்தி. சில ஆண்டுகள் கழித்து, நெருங்கிய தோழி ஒருத்திக்கு உடலில் ஒரு தொந்தரவு. மருத்துவரைப் பார்க்கலாம் என்று சொன்னேன். அவள் சொன்ன தடை காசு அல்ல, தகவல் இல்லாமையும் அல்ல. அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் மருந்தகத்தில் பதிவு முகப்பில் உட்கார்ந்திருப்பவர் அவள் அம்மாவுக்குத் தெரிந்த ஆன்ட்டி. மூன்று வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, கடைசியில் நானும் துணைக்கு வர, பேருந்து ஏறி வேறொரு பேட்டைக்குப் போனோம். சாதாரண பூஞ்சைத் தொற்று. மருந்து போட்டு ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. மூன்று வாரம் அவள் பயந்தது நோயைப் பற்றி அல்ல, அந்த முகப்பைப் பற்றி. அப்போது எனக்கு எலிஸைத் தெரியாது.

முதுமையில் உப்சாலா பல்கலைக்கழகம் அவருக்கு மருத்துவத்தில் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. தன் வாழ்க்கையை அவரே இரண்டு தொகுதிகளாக எழுதி 1965லும் 1966லும் வெளியிட்டார்.

1970ல் சுவீடனின் போர்லெங்கெ என்ற தொழில் நகரில் கஸ்தாவ் ஹோக்மன் என்ற குழந்தைநல மருத்துவர், அந்நாட்டின் முதல் இளையர் மருந்தகத்தைத் திறந்தார். அது எலிஸ் தொடங்கியதல்ல. ஆனால் அவர் அரை நூற்றாண்டு உழுத நிலத்தில்தான் அது முளைத்தது. இன்று அந்நாட்டில் அதுபோன்றவை 200க்கும் அதிகம். மருத்துவச்சி, மருத்துவர், மனநல ஆலோசகர் ஆகியோர் ஒரே கூரையின்கீழ் இருப்பார்கள். பதின்ம வயதினர் தாங்களாகவே வரலாம். கட்டணம் கிடையாது. கருத்தடை, பால்வினை நோய்ப் பரிசோதனை, கர்ப்பம் மட்டுமல்லாமல், காதல் தோல்வி, தூக்கமின்மை, வீட்டில் சண்டை என்று எதைப் பற்றியும் பேசலாம். சொன்னது அங்கேயே இருக்கும். வந்தவரின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் தவிர, வீட்டுக்குத் தகவல் தானாகப் போகாது.

போர்லெங்கெ மருந்தகம் திறந்தபோது எலிஸுக்கு வயது 84. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1973 செப்டம்பர் 4ஆம் தேதி, அவர் ஸ்டாக்ஹோமில் காலமானார். அவருடைய சங்கம் நடத்தும் சஞ்சிகையின் பெயர் இன்றும் ஒட்டார்.